கார் கண்ணாடியில் படிந்த உப்புநீர்க் கறையை நீக்குவது எப்படி?

காரைக் கழுவி உலர்ந்த பின் கண்ணாடியில் தெரியும் வெண்ணிறப் புள்ளிகளும் வளையங்களும் பெரும்பாலும் கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் படிவுகளே. கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், நீர் ஆவியாகும்போது கரியமில வாயுவை இழந்து, நீரில் எளிதில் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிவிடுவதால், ஷாம்பு போட்டு எத்தனை முறை கழுவினாலும் அந்தப் புள்ளிகள் போவதில்லை. மென்மையான அமிலம் பட்டால் அவை கரையும். ஆனால் கரைவதற்கு அமிலத்துக்கு நேரம் வேண்டும். புதிதாக இவ்வேலையில் இறங்குபவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

வண்டியை நிழலில் நிறுத்தி, கண்ணாடி தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்வரை காத்திருங்கள். சூடான கண்ணாடியில் தெளிக்கும் எந்தக் கரைசலும் வேலை செய்வதற்குள் உலர்ந்து, புதிய கறையாகிவிடும். பிறகு கார் ஷாம்பு கலந்த நீரால் கண்ணாடியை நன்றாகக் கழுவித் துடையுங்கள். மணலும் தூசியும் இருக்கும் நிலையில் கறையைத் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும் என்பதால், இந்தப் படியைத் தாண்டிச் செல்ல வேண்டாம்.

அடுத்து, கையுறையும் கண்பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்துகொண்டு, வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் ஒரு ஸ்பிரே பாட்டிலில் கலந்துகொள்ளுங்கள். வினிகரின் நெடி பிடிக்காதவர்கள் 1 லிட்டர் நீரில் 20 முதல் 30 கிராம் சிட்ரிக் அமிலத்தூளைக் கரைத்துப் பயன்படுத்தலாம். எதைக் கலந்தாலும், ப்ளீச்சை மட்டும் அதனோடு சேர்க்கவே கூடாது. அமிலமும் ப்ளீச்சும் சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிவரும்.

கரைசலை நேராகத் தெளித்தால் சாய்வான கண்ணாடியில் அது சில நொடிகளில் வழிந்தோடிவிடும். ஆகவே காகிதத் துண்டுகளையோ மெல்லிய பருத்தித் துணியையோ கரைசலில் நனைத்து, கறையுள்ள இடங்களில் ஒட்டினாற்போல் விரித்து, 10 நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். இடையில் உலரத் தொடங்கினால் மீண்டும் தெளித்து ஈரமாக்குங்கள். என் அனுபவத்தில், இந்த ஊறவைத்தல் ஒன்றே பாதி வேலையை முடித்துவிடுகிறது. பொறுமை இழந்து இரண்டு நிமிடத்தில் தேய்க்கத் தொடங்கினால், கை வலிப்பதுதான் மிச்சம்.

பின்னர் துணியை எடுத்துவிட்டு, மைக்ரோஃபைபர் துணியால் சிறு வட்டங்களாக மெல்லத் தேய்த்து, நிறையத் தண்ணீர் ஊற்றி அலசுங்கள். கரைசல் வழிந்திருக்கக்கூடிய பெயிண்ட், ரப்பர் ஓரங்கள், பளபளக்கும் உலோகப் பட்டைகள் ஆகியவற்றையும் சேர்த்தே அலச வேண்டும். வைப்பரின் ரப்பர் முனையையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். அதில் ஒட்டியிருக்கும் மணலும் உப்புத்துகளும் கண்ணாடியைக் கீறும்.

கண்ணாடி உலர்ந்ததும் விரல் நகத்தால் மெதுவாக வருடிப் பாருங்கள். இன்னும் சொரசொரப்பாக இருந்தால் படிவு மிச்சமிருக்கிறது என்று பொருள். நீர் கலக்காத வினிகரால் அதே முறையை இன்னொரு முறை செய்யலாம். வழவழப்பாக இருந்தும் வளையம் தெரிந்தால், கண்ணாடியின் மேற்பரப்பே சற்று அரிக்கப்பட்டிருக்கலாம். இதற்கு அமிலம் பயன்படாது. கண்ணாடியை மெருகேற்றும் நுண்தூளான சீரியம் ஆக்சைடு கலந்த பாலிஷே வேண்டும். வினிகருக்கு அசையாத சிலிக்கா (மணலில் உள்ள கனிமம்) படிவுகளுக்கும் இதுவே வழி. சிறிதளவு பாலிஷை ஈரமான ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி) பஞ்சில் எடுத்து, ஒரு ஓரத்தில் சோதித்துப் பார்த்த பின் முழுப்பரப்பிலும் கையாலேயே சமமாகத் தேய்ப்பது நல்லது. முன்கண்ணாடியில் ஒரே இடத்தை நெடுநேரம் தேய்த்தால் அங்கே காட்சி வளைந்து தெரியும். அது ஓட்டுநரின் பார்வைக்கு ஆபத்து. நெடுநேரம் தேய்த்தால்தான் போகும் என்ற அளவுக்கு ஆழமாக அரித்திருந்தால், தொழில்முறையாளரிடம் காட்டுவதே முறை. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உள்ள துப்புரவுத் திரவங்களை யார் பரிந்துரைத்தாலும் தொடாதீர்கள். அவை கண்ணாடியையே அரிக்கும், தோலில் பட்டால் உள்ளே ஊடுருவிக் கடுமையான காயம் உண்டாக்கும்.

மேலே சொன்னவை அனைத்தும் கண்ணாடியின் வெளிப்புறத்துக்கு மட்டுமே. பின்கண்ணாடியின் உட்புறத்தில் பனிப்படலம் நீக்கும் மெல்லிய மின்கம்பிக் கோடுகளும், சில வண்டிகளில் டின்ட் ஃபிலிமும் இருப்பதால், அங்கே அமிலமோ பாலிஷோ வேண்டாம்.

கறை போனபின், உலர்ந்த கண்ணாடியில் நீர்விலக்கும் பூச்சு ஒன்றைத் தடவினால் அடுத்த முறை படிவு இறுகப் பிடிக்காது. கறை மிச்சமிருக்கும்போதே அதைத் தடவினால் கறை பூச்சுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் என்பதால், கண்ணாடி முற்றிலும் சுத்தமான பின்பே தடவுங்கள். இனிக் கழுவும்போது கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்துங்கள். அது இயலாவிட்டால், நீர்த்துளிகள் தானாக உலரும் முன்பே காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடுங்கள்.