வால்வு ஸ்பிரிங்கைப் பார்த்து டைமிங் பெல்ட் வாங்குங்கள்

உப்புவெளியில் உள்ள என் வேலைத்தளத்துக்கு எஞ்சினை மாற்றியமைத்துக்கொண்டு வருகிற இளைஞர்கள் முதலில் கேட்பது இதுதான்: "அண்ணா, டர்போ ஏற்றியிருக்கிறோம். 300 குதிரைவலு வரும். அதைத் தாங்குகிற டைமிங் பெல்ட் எது?" நான் திருப்பிக் கேட்பேன். வால்வு ஸ்பிரிங் மாற்றினீர்களா? வால்வைத் திறக்கும் தண்டான கேமை மாற்றினீர்களா? எத்தனை ஆர்.பி.எம். வரை மிதிக்கிறீர்கள்?

எஞ்சினின் வலு, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கிலிருந்து கிளட்ச், கியர்பெட்டி வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது. டைமிங் பெல்ட் அந்த வழியில் இல்லை. அது கேமைச் சுழற்றுகிறது. பல எஞ்சின்களில் வாட்டர் பம்பையும், மிட்சுபிஷி 4ஜி63 போன்றவற்றில் ஒயில் பம்பையும் சேர்த்துச் சுழற்றுகிறது. வால்வு திறக்க ஸ்பிரிங் அமுங்க வேண்டும். அந்த எதிர்ப்பு முழுவதும் பெல்ட்டின் பற்களில் விழுகிறது. வால்வு மூடும்போது அதே ஸ்பிரிங் கேமை முன்னே தள்ளிவிடுகிறது. இழுப்பும் தளர்வுமாக ஒவ்வொரு சுற்றிலும் அடி வாங்குவது பெல்ட்தான். ஆகவே கடினமான ஸ்பிரிங், வால்வை அதிகம் தூக்கும் கேம், கூடிய ஆர்.பி.எம். ஆகிய மூன்றையும் பாருங்கள். இவற்றில் ஒன்றும் மாறாமல் டர்போ மட்டும் ஏறியிருந்தால் எஞ்சினுக்குரிய அசல் பெல்ட் போதும். நான் அதையே போடுகிறேன். இரண்டு மாறியிருந்தால் வலுவூட்டிய பெல்ட்டுக்குப் பணம் செலவழியுங்கள்.

டர்போவால் வருகிற கேடு வேறு, அது சூடு. பழைய நியோபிரீன் ரப்பர், 100 பாகைக்கு மேல் தொடர்ந்து வெந்தால் இறுகி வெடிக்கும். எச்.என்.பி.ஆர். என்ற ரப்பர் அதைவிட நன்றாகத் தாங்கும். பெல்ட் எந்த ரப்பரில் செய்தது என்று கேட்டு வாங்குங்கள். நீல நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். எந்த ரப்பருக்கும் எந்த நிறத்தையும் ஏற்றலாம்.

அளவில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். வாகனத்தின் பெயரையோ சேசிஸ் இலக்கத்தையோ சொல்லி வாங்கக் கூடாது. கொரொல்லாவின் உடலுக்குள் இப்போது இருப்பது வேறொரு எஞ்சினாக இருக்கலாம். எஞ்சினின் அடிப்பகுதியான பிளாக்கில் பொறித்த எஞ்சின் குறியீட்டைத் துடைத்துப் படியுங்கள். ஹொண்டாவில் பி16ஏ எஞ்சினின் ஹெட்டை (வால்வுகள் உள்ள மேல்பகுதியை) பி18 எஞ்சினின் பிளாக்கில் பொருத்துகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த பிளாக் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் உயரம் கூடியது. பெல்ட் ஒரு பக்கம் ஏறி மறு பக்கம் இறங்குவதால் 16 மில்லிமீற்றர் வித்தியாசம் வந்துவிடும். ஹெட்டின் பெயரை மட்டும் சொன்னால் தவறான பெல்ட்தான் கைக்கு வரும். கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளுக்குப் போகிறவர்கள் சரியாகப் பொருந்தியிருந்த பழைய பெல்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். பற்களை எண்ணுங்கள், அகலத்தை அளந்து பாருங்கள், பல்லோடு பல் வைத்து அழுத்திப் பாருங்கள். வட்டப் பல்லுக்குரிய கியரில் சரிவகப் பல் பெல்ட் சில நாள் ஓடத்தான் செய்யும். பிறகு பல் உரியும்.

ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவியவர்களுக்கு ஒரு கணக்கு. 48 பற்களும் பல்லுக்கு 8 மில்லிமீற்றர் இடைவெளியும் உள்ள கேம் கியரின் சுற்றளவு 384 மில்லிமீற்றர். ஹெட் அரை மில்லிமீற்றர் இறங்கினால் கேம் ஏறத்தாழ அரைப் பாகை பின்தங்கும். கேம் ஒரு சுற்றுச் சுற்ற கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றுவதால் கிராங்கில் அது ஒரு பாகை. இதைச் சரிசெய்ய பெல்ட்டை ஒரு பல் தள்ளிப் போட்டால் கிராங்கில் 15 பாகை போய்விடும், வால்வு பிஸ்டனைத் தொடக்கூடும். திருகித் திருத்தக்கூடிய கேம் கியர் வாங்குவதே வழி.

2016இல் கந்தளாயிலிருந்து ஒரு சிவிக் வந்தது. பி16ஏ எஞ்சின், கடினமான ஸ்பிரிங், பெரிய கேம். வலுவூட்டிய நல்ல பெல்ட் போட்டேன். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளையான டென்ஷனரைக் கையால் சுற்றிப் பார்த்தேன். சத்தம் கேட்கவில்லை, பழையதையே விட்டுவிட்டேன். மூன்றாவது மாதம் ஹபரணைக்கு அருகே அதன் பேரிங் இறுகியது. பெல்ட் அறவில்லை, ஆனால் பற்கள் உரிந்துபோயின. பிஸ்டன்கள் மோதி, பதினாறு வால்வுகளில் பதினொன்று வளைந்தன. அந்தத் தம்பி என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஹெட் வேலை முழுவதையும் என் செலவில் செய்துகொடுத்தேன். அன்று முதல் டென்ஷனர், பெல்ட்டை வழிநடத்தும் உருளையான ஐட்லர், வாட்டர் பம்ப், கேம் சீல், கிராங்க் சீல் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றச் சம்மதிக்காதவர்களுக்கு பெல்ட் மட்டும் மாற்றிக் கொடுப்பதில்லை. ஒயில் கசியும் ஒரு சீல், எவ்வளவு விலையுயர்ந்த பெல்ட்டையும் ஊறவைத்துக் கெடுக்கும். 4ஜி63 என்றால் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டின் சிறிய பெல்ட்டையும் மறவாதீர்கள். அது அறுந்து பெரிய பெல்ட்டுக்குள் சிக்கினால் எஞ்சினே போய்விடும்.

நம் ஊருக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். கேம் கியர் வெளியே தெரியட்டும் என்று பெல்ட்டை மூடும் மேல் உறையைக் கழற்றிவிட்டு நிலாவெளி வீதியில் ஓட்டுகிறார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த வீதியின் மணல் எங்கே போகும்? பல்லுக்கும் கியருக்கும் நடுவில் நின்று அரைக்கிறது. கடல் உப்பு கியரைத் துருவாக்கி அரமாக மாற்றுகிறது. உறையைத் திரும்பப் போடுங்கள், தயவுசெய்து.

பொருத்தும்போது பெல்ட்டை மடிக்காதீர்கள், உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பாதீர்கள், கம்பியால் நெம்பி ஏற்றாதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி நார், முறிந்தாலும் வெளியே தெரியாது. இழுவிசையை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, அந்த எஞ்சினுக்குரிய முறையில் வையுங்கள். அலுமினிய எஞ்சின் சூடானால் விரிந்து பெல்ட்டை மேலும் இறுக்கும். வலுவான பெல்ட் என்பதற்காகக் கூடுதலாக இறுக்கினால் அது ஓலமிடும், பேரிங்கும் தேயும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்கை அது ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, கேம் கியரிலும் கிராங்கிலும் உள்ள டைமிங் குறிகள் நேராக வருகின்றனவா என்று பாருங்கள். எங்காவது தட்டினால் பலம் கொடுக்காமல் நிறுத்துங்கள்.

கடின ஸ்பிரிங் உள்ள எஞ்சினில் 100,000 கிலோமீற்றர் வரை காத்திருக்க வேண்டாம். நான் 40,000இல், அல்லது இரண்டு ஆண்டில் மாற்றுகிறேன். மாற்றிய திகதியையும் மீற்றர் கணக்கையும் அழியாத மையால் உறையின் மேல் எழுதிவிடுகிறேன்.