வாழநார்ல கயிறு திரிச்சு குரோஷா போடலாம் வாங்க

குரோஷா, அதான் கொக்கி வச்ச ஒத்த ஊசியால நூலப் பின்னுறது, கத்துக்கப் போறேன்னு சொல்றவங்கள்ல முக்காவாசிப் பேரு மொதல்ல செய்யுறது பேன்சி ஸ்டோருக்குப் போயி கலர் கலரா அக்ரிலிக் நூல்கண்டு வாங்கிக் குமிக்கிறதுதான். வேணாங்கல. ஆனா திருவையாறு, திருக்காட்டுப்பள்ளி, லால்குடின்னு எந்தப் பக்கம் பஸ்ஸுல போனாலும் ஜன்னலோரம் வாழக்கொல்லையா ஓடுற ஊர்ல இருந்துக்கிட்டு நூலுக்குக் காசு கொடுக்கிறது எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. தார் வெட்டுனப்பறம் அந்த மரத்தப் பெருசா யாரும் சீண்டுறதில்ல, வெட்டி வரப்போரமாப் போட்டுடுவாங்க. அதுலேருந்து நாரெடுத்து, கையாலயே கயிறு திரிச்சு, அந்தக் கயித்துல டீ டம்ளர் வைக்கிற கோஸ்டர் ஒண்ணு போட்டு முடிக்கிற வரைக்கும் சொல்றேன். இன்னும் கொஞ்சம் பெருசா இழுத்துக்கிட்டே போனா அதுவே கொழம்புச் சட்டி வைக்கிற பிரிமணை ஆயிடும். வாங்க வேண்டியது 5 எம்எம் குரோஷா ஊசி ஒண்ணு, அவ்ளோதான்.

என்னைக் கேட்டா இதுல குரோஷாவ விட திரிக்கிறதுதான் சுகம். அதனால அந்த எடத்துல கொஞ்சம் நீட்டித்தான் எழுதியிருக்கேன், அவசரக்காரங்க பொறுத்துக்கணும்.

நாருக்கு ரெண்டு வழி இருக்கு. சுலபமான வழி, பூக்கட்டுற நார். பூக்கடையில கேட்டா கட்டா கொடுப்பாங்க, இல்லாட்டி கொல்லையில மரத்தோட வெளிமட்டை காஞ்சு தொங்கும்ல அத உரிச்சு எடுத்துக்கலாம். அரை மணி நேரம் தண்ணியில போட்டு எடுத்து நகத்தால நீட்டு வாக்குல கிழிச்சா நூல் நூலா வந்துடும். புதுசா ஆரம்பிக்கிறவங்க இதுலயே ஆரம்பிங்க. இது மட்டையையே கிழிச்ச துண்டுங்கிறதால கொஞ்சம் சொரசொரன்னு இருக்கும், கலரும் பழுப்புதான், ஆனா கை பழகறதுக்கு இத விட நல்லது கெடையாது.

ரெண்டாவது வழி பச்சை மட்டையச் சுரண்டி எடுக்கிறது. வாழமரம்னு சொல்றோமே தவிர அது மரமே இல்ல, இலையோட அடிமட்டைங்க ஒண்ணு மேல ஒண்ணு சுத்திக்கிட்டு நிக்கிறதுதான், நடுவுல இருக்கிறது நம்ம பொரியல் பண்ற தண்டு. வெளியில இருக்கிற மட்டைல நார் மொரடா கருப்பா இருக்கும், உள்ள போகப் போக வெளுப்பாவும் மெல்லிசாவும் ஆகும், ரொம்ப உள்ள போயிட்டா வெறும் தண்ணிதான். நடு அடுக்கு மட்டையா எடுத்துக்குங்க. தார் வெட்டி ரெண்டு மூணு நாளுக்குள்ள எடுத்துட்டா நல்லது, காய விட்டா சுரண்ட வராது. ரெண்டு அடி நீளத்துக்கு வெட்டி, மூணு விரல் அகலத்துக்குக் கிழிச்சு, பலகை மேல வச்சு ஒரு முனைய அழுத்திப் புடிச்சுக்கிட்டு மொண்ணையான எதையாவது வச்சு சுரண்டணும். பழைய தோசை திருப்பி போதும், கொட்டாங்கச்சி ஓரமும் நல்லா வேலை செய்யும். அருவாமனை, கத்தி பக்கமே போகாதீங்க, சதையோட சேத்து நாரையும் அறுத்துடும். நாலு இழுப்புல சதையெல்லாம் வழிஞ்சு ஓடி, பளபளன்னு முடி மாதிரி நார் தனியா நிக்கும். திருப்பிப் போட்டு அடுத்த முனையையும் சுரண்டிட்டு தண்ணியில அலசி நிழல்ல காய வச்சிடுங்க. உச்சி வெயில்ல போட்டா மொறுமொறுன்னு ஆயி ஒடியும்.

வாழக்கறை துணியில பட்டா போகவே போகாது, அதனால கிழிஞ்ச நைட்டியோ பழைய லுங்கியோ கட்டிக்கிட்டு உக்காருங்க. ஐப்பசி கார்த்திகை மழையில இந்த வேலைய வச்சிக்காதீங்க, நார் காயாம பூஞ்சை புடிச்சிடும். தை பொறந்தப்பறம் பண்ணலாம்.

சுரண்டுறது பிடிக்கலன்னாலும் ஒண்ணும் கெட்டுப் போகல, இதுக்கு மெஷினே இருக்கு. திருச்சியில 1993ல ஆரம்பிச்ச தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கு, வாழ ரகம் வாழ நோயின்னு பாக்குறவங்கதான், நார் விஷயத்துலயும் வேலை நடக்குது. கடல் தாண்டிப் போனா ஜப்பான்ல ஒகினாவா பக்கம் பாஷோஃபுன்னு ஒரு துணி, முழுக்க வாழநார்லயே நெய்யிறது, நாரச் சாம்பத்தண்ணியில வேகவச்சு மெதுவாக்கி, ஒவ்வொரு நாரா முடிச்சுப் போட்டு நூலாக்கி தறியில ஏத்துறாங்க. அவங்க வளக்குறது வேற ரக வாழ, அதுல பழத்துக்கு மதிப்பில்ல, நாருக்காகவே வளக்குறாங்க. நமக்கு பழமும் வந்து பூவும் வந்து இலையும் வந்து தண்டும் வந்து அதுக்கப்பறம் நாரும் கெடைக்குது.

இப்ப திரிக்கிறதுக்கு வருவோம். டெல்டாவுல வயக்காட்டுப் பக்கம் வளந்தவங்களுக்கு இது பாதி தெரிஞ்ச வேலைதான், வைக்கல்ல பிரி முறுக்கி கட்டு கட்டுறதப் பாத்திருப்பீங்க. இங்க ரெண்டு பிரியச் சேக்கணும், அதான் வித்தியாசம். நார லேசாத் தண்ணி தெளிச்சு ஈரமாக்கிக்குங்க, சொட்டச் சொட்ட வேணாம். தொடப்ப ஈர்க்கு கனத்துக்கு ஒரு கொத்து எடுங்க. சரிபாதியா மடிக்காதீங்க, ஒரு பக்கம் நீளமா ஒரு பக்கம் குட்டையா வர்ற மாதிரி மடிங்க, ஏன்னு பின்னாடி சொல்றேன். மடிச்ச எடத்த முறுக்குனா தானா ஒரு சின்ன வளையம் விழும். அத கால் கட்டைவிரல்ல மாட்டிக்குங்க, பூக்கட்டுற அக்காங்க நார மாட்டுற அதே மாதிரி.

இப்ப உங்க முன்னாடி ரெண்டு பிரி வருதா, வலது பக்கப் பிரிய எடுத்து வலப்பக்கமா முறுக்குங்க, ரெண்டு மூணு முறுக்கு, விரலுக்குள்ள அது திமிறுறது தெரியணும். திமிற விடாம அப்படியே அத இடது பிரிக்கு மேல தூக்கி இடப்பக்கம் போடுங்க. இப்ப மத்தது வலப்பக்கம் வந்துடுச்சு. அதையும் வலப்பக்கமா முறுக்கி இடப்பக்கம் போடுங்க. முறுக்குறது வலது, தாண்டுறது இடது. இவ்வளவுதான் மொத்த வித்தையும். தனித்தனியா ஒவ்வொரு பிரியும் ஒரு பக்கமா அவுரப் பாக்கும், சேந்த கயிறு எதிர்ப்பக்கமா அவுரப் பாக்கும், ரெண்டும் ஒண்ண ஒண்ணு புடிச்சு நிறுத்திக்கும், அதனாலதான் கைய விட்டாலும் கயிறு பிரியாது. மொத ரெண்டு சாண் கோணல்மாணலாத்தான் வரும். அப்பறம் ஒரு கட்டத்துல கண்ணு பாக்காமலே விரல் பாட்டுக்கு ஓட ஆரம்பிச்சிடும், பக்கத்துல உக்காந்து யாராவது கத சொன்னா கேட்டுக்கிட்டே திரிக்கலாம், டிவி சீரியல் ஓடுனா இன்னும் வசதி. எங்க தெருவுல திண்ணையில உக்காந்து திரிச்சா போற வர்றவங்கல்லாம் நின்னு "என்னம்மா, மாட்டுக்குக் கயிறா?"ன்னு கேப்பாங்க, அதுக்கும் சேத்து பதில் வச்சிக்குங்க.

ஒரு பிரி நாலு விரக்கடை மிச்சம் இருக்கும்போதே புது நார் வச்சு சேத்து முறுக்கிடணும். முடிச்சு போடக்கூடாது, குரோஷா ஊசியில மாட்டிக்கும். ரெண்டு பிரிக்கும் ஒரே எடத்துல ஒட்டு விழுந்தா கயிறு அங்கதான் அறும், அதுக்குத்தான் ஆரம்பத்துலயே ஏறுக்குமாறா மடிக்கச் சொன்னது. நீட்டிக்கிட்டு நிக்கிற நுனியெல்லாம் காஞ்சப்பறம் கத்திரிக்கோலால வெட்டி விட்டா போச்சு.

பத்து மீட்டர் கயிறு சேந்துட்டா கோஸ்டருக்குத் தாராளம். குரோஷா ஊசியையே இதுவரைக்கும் தொடாதவங்க மொதல்ல பார்சல் கட்டுற சணல்ல கைய பழக்கிட்டு வாங்க, வாழநார் வெறப்பு, அது கத்துக்கொடுக்கிற டீச்சர் இல்ல.

நாலு சங்கிலி, அதாவது ஊசியில இருக்கிற கண்ணி வழியா கயித்த மாட்டி இழுத்து அடுத்த கண்ணி ஆக்குறது, போட்டு மொத சங்கிலியோட சேத்து வளையமாக்குங்க. யூடியூப்ல சொல்ற மேஜிக் ரிங், அதான் நுனிய இழுத்தா இறுகுற வளையம், இதுல சரியா இழுபடாது, விட்டுடுங்க. வளையத்துக்குள்ள ஆறு சிங்கிள் குரோஷா. அதாவது ஊசிய உள்ள விட்டு கயித்த இழுத்தா ஊசியில ரெண்டு கண்ணி நிக்கும், திரும்ப கயித்த மாட்டி ரெண்டு வழியாவும் ஒரே இழுப்பா இழுக்கிறது. வீடியோ பாத்து செய்யுறவங்க ஒண்ணு கவனிங்க, அமெரிக்காக்காரங்க சிங்கிள்னு சொல்றதத்தான் இங்கிலாந்துக்காரங்க டபுள்னு சொல்லுவாங்க, யாரு வீடியோன்னு பாத்துக்குங்க. அடுத்த சுத்துல ஒவ்வொரு கண்ணியிலயும் ரெண்டு ரெண்டு போட்டா 12. மூணாவது சுத்துல ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டுன்னு போட்டா 18. நாலாவதுல ஒண்ணு, ஒண்ணு, ரெண்டு, அது 24. இப்படி சுத்துக்கு ஆறு ஆறா ஏறிக்கிட்டே போனாத்தான் வட்டம் தட்டையா படுக்கும். டம்ளருக்கு 36 வர்ற ஆறாவது சுத்தோட நிறுத்திக்கலாம். ஓரம் கிண்ணம் மாதிரி மேல தூக்குனா ஏத்தம் பத்தல, பாவாடை கொசுவம் மாதிரி அலையடிச்சா அதிகமாயிடுச்சு, பிரிச்சிட்டு எண்ணிப் பாருங்க. சுத்து எங்க ஆரம்பிச்சதுன்னு தெரியறதுக்கு மொத கண்ணியில சிகப்பு நூல் ஒண்ணு கட்டிக்குங்க. போடப் போட கயிறோட முறுக்கு தளந்துக்கிட்டு வந்தா, கண்ணி நழுவாம விரல்ல புடிச்சுக்கிட்டு மிச்சக் கயிற கையாலயே முறுக்கி ஏத்திக்கலாம். கயிறு காஞ்சு அடம் புடிச்சா தண்ணி தொட்டுக்கலாம்.

கலர் வேணும்னா காபி டிகாக்‌ஷன் கசட்டுல கொதிக்க வச்சு ஊற விடுங்க, அழகா பழுப்பு ஏறும். மஞ்சள் பாக்க பிரமாதமா இருக்கும் ஆனா வெயில் பட்டா வெளுத்துடும். சாயம் போடறதுக்கு முன்னாடி படிகாரத் தண்ணியில நனைச்சு எடுத்தா கொஞ்சம் நின்னு புடிக்கும்.

குரோஷா ஒத்துவரலன்னா அட்டையில பல் வெட்டி பாவு, அதான் நீளவாக்கு நூல், ஓட்டி அதே கயித்துல நெசவும் பண்ணிப் பாக்கலாம். பாவுக்கு நல்லா இறுக்கி முறுக்குன கயிறு, குறுக்கால ஓடுற ஊடைக்குத் தளர்வா முறுக்குனது. தறியில பாவுதான் இழுவையைத் தாங்குது, அதுக்குத்தான் நெசவுக்காரங்க பாவு நூலுக்கு முறுக்கு கூட வைக்கிறது. 2019ல புவிசார் குறியீடு வாங்கின திருபுவனம் பட்டுக்கும் சரி, மாயவரம் கூறைநாட்டுல பட்டும் பருத்தியும் கலந்து நெய்ஞ்ச கூறைப் புடவைக்கும் சரி, அடிப்படை இதேதான். அந்தப் பக்கம் போனா தறிச்சத்தம் கேக்குற வீட்டுல கேட்டுட்டு உள்ள போயி பாவு நூல விரல்ல உருட்டிப் பாருங்க, நீங்க ஒரு தடவ திரிச்சிருந்தா அது என்னன்னு விரலுக்கே புரியும்.

போட்டு முடிச்ச கோஸ்டர ஈரத்துணி வச்சு அமுக்கி மேல அம்மிக்குழவிய ஒரு ராத்திரி ஏத்தி வச்சா படிஞ்சிடும். அழுக்கானா அலசலாம், ஊற வைக்காதீங்க, வாஷிங் மெஷின்ல போடவே போடாதீங்க, அலசுன உடனே காய வச்சிடணும். அடுத்து பை பின்னணும்னு தோணிச்சுன்னா உடம்புக்கு இதே ரெண்டு பிரிக் கயிறு போதும், கைப்பிடிக்கு மட்டும் மூணு கயிற எடுத்து சட பின்ற மாதிரி பின்னிக்குங்க, இல்லாட்டி ரெண்டு கிலோ தக்காளிக்கே தோள்பட்டைய அறுத்துடும்.