விண்டோஸ அழிக்காம லேப்டாப்ல உபுண்டுக்கு இடம் பிரிக்கிறது எப்படி

பெங்களூரு எஸ்பி ரோட்டுல செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கிட்டு மடிவாளா பிஜில உக்காந்திருக்குற நம்ம பசங்களுக்குத்தான் இது, விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சதுல இருந்து உபுண்டு (விண்டோஸ் மாதிரி இன்னொரு ஓஎஸ், லினக்ஸ் வகை, இலவசம்) கேக்குறவங்க ஜாஸ்தி ஆயிட்டாங்க. ஆபீஸ்ல குடுத்த லேப்டாப்னா கை வைக்காதீங்க, ஐடி டீம் போன் வரும்.

மொதல்ல பேக்கப். அப்புறம் பிட்லாக்கர், அதாவது டிஸ்க்க பூட்டி வைக்கிற விண்டோஸ் என்கிரிப்ஷன், ஆன்ல இருக்கான்னு பாருங்க, நாம போடலைன்னாலும் சில லேப்டாப்ல அதுவாவே ஆன் ஆகியிருக்கும், அந்த 48 டிஜிட் ரெகவரி கீய ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கிட்டு ஆஃப் பண்ணி, முழுசா டிக்ரிப்ட் ஆகுற வரைக்கும் பொறுமையா இருங்க. பவர் ஆப்ஷன்ஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் எடுத்துடணும், இல்லன்னா ஷட்டவுன் குடுத்தாலும் விண்டோஸ் அரைத்தூக்கத்துலதான் இருக்கும்.

இடம் பிரிக்கிற வேலைய விண்டோஸ்லயே முடிச்சுடுங்க, உபுண்டு இன்ஸ்டாலர் கையில விடாதீங்க, இதுல நான் பிடிவாதம். ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக், டிஸ்க் மேனேஜ்மென்ட், சி டிரைவ் மேல ரைட் கிளிக் பண்ணி ஷ்ரிங்க் வால்யூம். அளவு எம்பில கேக்கும், 60 ஜிபி வேணும்னா 61440 அடிங்க. 25 ஜிபி போதும்னு உபுண்டு சைடுல சொல்லுவாங்க, நாலு சாஃப்ட்வேர் போட்டா மூச்சு முட்டிடும். டிரைவ்ல நிறைய காலி இருந்தும் கொஞ்சம்தான் குறைக்க முடியும்னு காட்டுதா, பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல், ரீஸ்டோர் பாயின்ட் இதுல ஏதோ ஒண்ணு நகராம நடுவுல உக்காந்திருக்கு, மூணையும் தற்காலிகமா ஆஃப் பண்ணி ரீஸ்டார்ட் அடிச்சுட்டு திரும்பப் பாருங்க. கிடைச்ச இடத்த அன்அலோகேட்டடாவே விட்டுடுங்க, அதுக்கு டிரைவ் லெட்டர்லாம் குடுக்க வேணாம்.

உபுண்டு இன்ஸ்டாலர பென்டிரைவ்ல ஏத்த ரூஃபஸ்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அதுல ரெடி பண்றது சுலபம், சார்ஜர மட்டும் சொருகியே வெச்சுக்கோங்க, நம்ம ஊர் கரண்ட்ட நம்ப முடியாது. இன்ஸ்டாலர்ல டிஸ்கே தெரியலன்னா பயாஸ்ல (லேப்டாப்போட அடிப்படை செட்டப்) டிஸ்க்குக்கு இன்டெல் ஆர்எஸ்டி மோட் இருக்கும், அத ஏஹெச்சிஐங்கிற சாதாரண மோடுக்கு மாத்தணும், ஆனா எடுத்த எடுப்புல மாத்தினா விண்டோஸ் ப்ளூ ஸ்கிரீன் ஆகலாம், அதனால விண்டோஸ சேஃப் மோட்ல பூட் ஆகுற மாதிரி வெச்சுட்டு மாத்துங்க, சேஃப் மோட்ல ஒரு தடவ வந்துட்டா அப்புறம் நார்மல் பூட் வெச்சுக்கலாம்.

எரேஸ் டிஸ்க்னு ஒரு ஆப்ஷன் வரும், அந்தப் பக்கமே போகாதீங்க. மேனுவல்ல போய் காலி இடத்துல எக்ஸ்ட்4ங்கிற லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் போட்டு மவுன்ட் பாயின்ட்டா வெறும் ஸ்லாஷ் (/) குடுங்க. பூட் ஃபைல்கள் இருக்குற பழைய ஈஎஃப்ஐ பார்ட்டிஷனையே உபுண்டு பூட்லோடருக்கும் யூஸ் பண்ணிக்கலாம், ஃபார்மட் டிக் மட்டும் விழவே கூடாது, விண்டோஸ் பூட்டும் அதுக்குள்ளதான் இருக்கு. ஸ்வாப்புக்கு (ரேம் பத்தாதப்ப டிஸ்க்குல எடுத்துக்குற இடம்) தனி பார்ட்டிஷன் தேவையில்ல, ஃபைலா அதுவே போட்டுக்கும்.

எல்லாம் முடிஞ்சு விண்டோஸுக்குள்ள போனா கடிகாரம் அஞ்சரை மணி நேரம் பின்னாடி காட்டும், பதறாதீங்க, உபுண்டு ஹார்ட்வேர் கிளாக்குல யூடிசிங்கிற உலகப் பொது நேரத்த எழுதுது, விண்டோஸ் அத லோக்கல் டைம்னு நெனச்சுக்குது, செட்டிங்ஸ்ல சிங்க் நவ் அமுக்கினா அப்போதைக்கு சரியாயிடும்.