சபா மேடையிலிருந்து சீரியல் செட்டுக்கு: ஒரு ‘பெரியப்பா’ நடிகர் சொல்வது

சபா நாடகங்களில் நடிக்கிற இளைஞர்கள் சீரியலுக்கு எப்படி வருவது என்று கேட்டால், முதலில் ஒன்று சொல்வேன்: பார்க்கிற வேலையை உடனே விட்டுவிடாதீர்கள்.

இது நம்மூர் வழக்கத்துக்குப் புதிதல்ல. 1891-ல் சுகுண விலாச சபாவைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் வக்கீலாகவும் பிறகு நீதிபதியாகவும் இருந்துகொண்டே நாடகம் எழுதினார், நடித்தார். பூர்ணம் விசுவநாதன் ஆல் இந்தியா ரேடியோவில் செய்தி வாசித்தவர். டெல்லி கணேஷ் விமானப்படையில் இருந்துவிட்டு வந்தவர். நானும் பகலில் பாங்க் கேஷ் கவுண்டர், சாயங்காலம் ரிகர்சல் என்று காலம் தள்ளினவன்தான். சபா தருகிற தொகை செட்டுக்கும் லைட்டுக்கும் மேக்கப்புக்கும் வேனுக்குமே சரியாகப் போய்விடும். நடிகர் கைக்கு வருவது ஆட்டோ காசு. சீரியலில் நாள் கணக்கில் சம்பளம் உண்டு. ஆனால் இந்த மாதம் எத்தனை நாள் கூப்பிடுவார்கள் என்பது கதை போகிற போக்கைப் பொறுத்தது.

சரி, வாய்ப்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்பா, பெரியப்பா, டாக்டர், ஜட்ஜ் என்று ஏதோ ஒன்று. என்னை ரொம்பக் காலமாகப் பெரியப்பாவாகவே வைத்திருக்கிறார்கள். வேஷம் எதுவானாலும் முதலில் குறைக்க வேண்டியது குரலை. வாணி மகாலில் கடைசி வரிசை மாமிக்குக் கேட்க வேண்டும் என்று பழகிய தொண்டை செட்டில் காதைக் கிழிக்கும். மேடையில் அதிர்ச்சி என்றால் இரண்டடி பின்வாங்கி, சபையைப் பார்த்துத் திரும்பி, கையை உயர்த்துவோம். குளோசப்பில் அப்படிச் செய்தால் நீங்கள் ஃப்ரேமிலேயே இருக்கமாட்டீர்கள். கண் நின்றால் போதும். மிச்சத்தைப் பின்னணி இசையும் எடிட்டரும் மூன்று தடவை காட்டிப் பார்த்துக்கொள்வார்கள். இன்னொரு பழக்கமும் போக வேண்டும். நகைச்சுவை வசனம் பேசிவிட்டுச் சிரிப்பலை அடங்கக் காத்திருப்போம் அல்லவா? செட்டில் யாரும் சிரிக்கமாட்டார்கள். நீங்கள் காத்திருந்தால் வசனம் மறந்துவிட்டது என்று நினைத்து மறுபடி எடுத்துக் கொடுப்பார்கள்.

வசனம் எடுத்துக் கொடுக்கிற பிராம்ப்டிங்தான் நாடகக்காரர்களைத் திணறடிக்கிற விஷயம். ஒரு நாடகத்தை முழுசாக மனப்பாடம் செய்துவிட்டு மேடை ஏறுகிறவர்கள் நாம். இங்கே நீங்கள் மேக்கப் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சீன் பேப்பரே வரும். ‘மானிட்டர்’ என்று ஒரு ஒத்திகை பார்ப்பார்கள், அடுத்தது டேக். டப்பிங் உள்ள, அதாவது குரலைப் பிறகு தனியாகப் பதிவு செய்கிற சீரியல் என்றால் அசிஸ்டென்ட் டைரக்டர் ஓரமாக நின்று வரி வரியாகப் படிப்பார். நீங்கள் வாங்கிப் பேச வேண்டும். அவர் படிக்கிற அந்த ஒரு நொடியில்தான் புது ஆட்களின் முகம் காலியாகிவிடும், கண்ணும் சத்தம் வருகிற பக்கம் ஓடும். வீட்டிலேயே பழகலாம். யாரையாவது பின்னால் உட்காரவைத்துப் பேப்பரில் எந்தச் செய்தியையாவது வாக்கியம் வாக்கியமாகப் படிக்கச் சொல்லுங்கள். சுவரில் ஒரு ஆணியைப் பார்த்துக்கொண்டு, அதே செய்தியைக் கோபத்தோடு திருப்பிச் சொல்லுங்கள், அப்புறம் அழுகையோடு. வெங்காய விலைச் செய்தியைப் படித்து அழ முடிந்தால் நீங்கள் தயார்.

ஆணி எதற்கு என்றால், செட்டில் எதிர் நடிகர் எப்போதும் எதிரில் இருக்கமாட்டார். அவருடைய சஜஷன் ஷாட், அதாவது உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து அவர் முகத்தை எடுக்கிற ஷாட், முடிந்ததும் சாப்பிடப் போய்விடுவார். உங்கள் குளோசப்புக்குக் கேமரா பக்கத்தில் ஒரு அசிஸ்டென்ட் கையை மடக்கி நீட்டி, “சார், லுக் இங்கே” என்பார். அந்த முஷ்டிதான் உங்கள் மருமகள். அதைப் பார்த்துத்தான் “நீ இந்த வீட்டுக்கு விளக்கேத்த வந்தவம்மா” என்று உருக வேண்டும்.

கன்டின்யூட்டியை, அதாவது ஷாட்டுக்கு ஷாட் உடையும் தோற்றமும் மாறாமல் இருப்பதை, யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று விடாதீர்கள். ஒரே ஆஸ்பத்திரி வராண்டாக் காட்சியைப் பல நாள் இடைவெளி விட்டு எடுப்பார்கள். குணச்சித்திர நடிகர்களுக்குப் பெரும்பாலும் சொந்தச் சட்டைதான். ஒவ்வொரு சீனிலும் உடையோடு செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்: எந்தக் கையில் வாட்ச், விபூதி எவ்வளவு அகலம், மேல் பட்டன் போட்டிருக்கிறதா. அந்தச் சட்டையைத் தனிப் பையில் போட்டு, சீரியல் பெயரும் சீன் நம்பரும் எழுதி வையுங்கள். கல்யாண வீட்டுக்கு அதைப் போட்டுக்கொண்டு போய் சாம்பார் கொட்டிக்கொள்ள வேண்டாம்.

சாப்பாட்டுக் காட்சிக்கு ஒரு தந்திரம் உண்டு. காட்சி முழுவதையும் தூரத்திலிருந்து எடுக்கிற மாஸ்டர் ஷாட், சஜஷன், குளோசப் என்று அதே கவளத்தைத் திரும்பத் திரும்ப எடுப்பார்கள். மாஸ்டரில் எந்த வார்த்தையில் வாயில் வைத்தீர்களோ, அதே வார்த்தையில்தான் ஒவ்வொரு முறையும் வைக்க வேண்டும். அதனால் முதல் ஷாட்டிலேயே கொஞ்சமாகப் பிசையுங்கள், நிறைய பேசுங்கள். இட்லியை முழுசாக வாயில் அடைத்துக்கொண்டால் மதியம் வரை இட்லிதான்.

தேதி விஷயத்தில் கறாராக இருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸின் கோடை நாடக விழா மாதிரி நிகழ்ச்சிகள் வரும். சபா, உறுப்பினர்களுக்கு அழைப்பு அனுப்பிவிட்டால் நாடகம் நகராது, சீரியல் கால்ஷீட் நகரும். ஒப்புக்கொள்ளும்போதே தேதிகளை எழுதி மேனேஜருக்கு வாட்ஸாப்பில் அனுப்புங்கள். “அன்றைக்கு நாலு மணிக்கு விட்டுவிட வேண்டும்” என்று நேரத்தையும் சேர்த்து. வாயால் சொன்னது செட்டில் நிற்காது. சாலிகிராமத்திலோ போரூரிலோ அன்றைய படப்பிடிப்பு முடிந்து பேக்கப் ஆகி ஏழு மணிக்கு மேடை ஏற வேண்டுமானால் வடபழனி நெரிசலையும் கணக்கில் வையுங்கள்.

நாடகத்தை விடாதீர்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. சீரியலில் உங்கள் ஆயுசு உங்கள் கையில் இல்லை. டிஆர்பி இறங்கினால் பெரியப்பா திடீரென்று அமெரிக்கா போவார், அல்லது ஹால் சுவரில் மாலையோடு தொங்குவார். சம்பளத்தில் பேச்சுவார்த்தை முறிந்தால் ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று கார்டு போட்டுவிடுவார்கள். ஒருமுறை அந்தக் கார்டை நானே வீட்டில் காபி குடித்துக்கொண்டு பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அடுத்த வாரம் மைலாப்பூரில் நாடகம் இருந்தது, அதனால் பெரிதாகத் தோன்றவில்லை.

பணம் வந்து சேர இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். ஒரு டைரி போடுங்கள்: தேதி, சீரியல், எத்தனை மணிக்கு வந்தீர்கள், எத்தனை மணிக்கு விட்டார்கள், மேனேஜர் பெயர். பேக்கப் ஆனதும் வவுச்சரில் கையெழுத்துப் போடச் சொன்னால், தொகை எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்; அதையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.