பதில் வராத வீட்டில் மகிழ்ந்திருக்க ஒரு வழி

கிளிநொச்சி மாவட்டத்து முழங்காவில் பக்கத்தில், எங்கள் அன்பியத்தின், அதாவது சேர்ந்து செபிக்கும் அயல் கத்தோலிக்க வீடுகளின், செபக்கூட்டத்தை நடத்துவது நான்தான். புதிதாகச் செபம் நடத்த வருகிற பிள்ளைகள், துக்க வீட்டுக்குப் போய் என்ன கதைப்பது என்று தெரியாமல் படலையடியில் நிற்கிறவர்கள், இரண்டு பகுதியும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: ஏன் இப்படி நடந்தது என்று பதில் தெரியாத வீட்டில் எப்படி மகிழ்ந்திருப்பது? அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வன்னியில் பதில் கிடைக்காத கேள்வி இல்லாத வீடு குறைவு. எங்கள் வீட்டுக் கேள்வி என் தம்பி. 2009இல் காணாமல் போனவன். இப்படியான வீட்டில் இருந்துகொண்டு, "ஆண்டவரோடு இணைந்து என்றும் மகிழுங்கள்" என்று பவுல் எழுதியதை வாசித்தால் நாக்குத் தடக்கும். தடக்கட்டும், பிழையில்லை. அவர் அதைச் சிறையில் இருந்து எழுதினார். தன்னை விடுவார்களா, கொல்வார்களா என்று அப்போது அவருக்கும் தெரியாது.

முதல் வேலை, காரணம் தேடுவதை நிறுத்துவது. காரணம் சொல்ல ஆட்கள் எப்போதும் இருப்பார்கள். "ஆண்டவருக்கு அவனைப் பிடிச்சுப் போச்சு", "முன்னோர் செய்த பாவம்", "எல்லாம் நன்மைக்குத்தான்". இந்த மூன்றாவதைப் பிள்ளையைப் புதைத்த தாயிடம் சொன்னவரை நேரில் பார்த்திருக்கிறேன். அவரை எழுப்பி வெளியே கூட்டிப் போனேன். லூக்கா 13ஆம் அதிகாரத்தில், சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததை இயேசுவே எடுத்துச் சொல்கிறார். அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்கிறார். பிறகு கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து மனம் மாறச் சொல்கிறார். கோபுரம் ஏன் விழுந்தது என்று சொல்லவே இல்லை. அவரே சொல்லாததை நாங்கள் ஏன் பொறுப்பெடுக்க வேண்டும்?

விவிலியத்தில், எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு நிலத்தில் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அதுதான். வாய் திறந்ததும் எல்லாம் பழுதாய்ப் போனது. கடைசியில் கடவுள் கோபித்தது, அவருக்காக வாதாடிய அந்த நண்பர்களைத்தான். முறையிட்டுக்கொண்டே இருந்த யோபுவை அல்ல. அதனால் துக்க வீட்டுக்குப் போனால் கதிரை அடுக்குங்கள், தேத்தண்ணி ஊற்றுங்கள், கிணற்றில் தண்ணீர் அள்ளிக் கொடுங்கள். வசனம் பிறகு சொல்லலாம்.

இரண்டாவது, கேள்வியைக் கடவுளிடமே கேட்பது. அயலட்டையிடம் கடவுளைப் பற்றிக் குறை சொல்வதைவிட அவரிடமே சொல்வது நல்லது. திருப்பாடல் 13 அதற்கு ஏற்றது. சின்னது, பாடமாக்கலாம். எவ்வளவு காலம் என்னை மறந்திருப்பீர் என்றுதான் தொடங்கும். அதுவும் போதாத அளவுக்கு மனம் கசந்திருந்தால் 88ஐ எடுங்கள். அந்தப் பாடல் கடைசிவரை வெளிச்சத்துக்கு வராது. இருளில் தொடங்கி இருளிலேயே முடியும். ஆனாலும் குருக்களும் கன்னியர்களும் ஒவ்வொரு வெள்ளி இரவும் படுக்கப்போகுமுன் சொல்லும் செபத்தில் திருச்சபை அதை வைத்திருக்கிறது. தவக்காலத்தில், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கத்தை இராகம் இழுத்துப் படிக்கும் எங்கள் சனத்துக்கு இது புதினமும் இல்லை. கோயிலுக்குள் அழுவதற்கு எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

செபம் நடத்துகிறவர்களுக்கு ஒரு சொல்: 88ஐ வாசித்து முடித்த கையோடு ஆறுதல் பாட்டு ஒன்றை எடுத்துவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். யாராவது மூக்குச் சீறுவார்கள், யாராவது எழும்பி வெளியே போவார்கள். போகட்டும்.

இப்போது எங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். நவம்பர் 2, இறந்த விசுவாசிகள் எல்லாரையும் நினைவுகூரும் நாள். பூசையில் வாசிக்க இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுப்போம். காணாமல் போனவரின் பெயரை எழுதுவதா, விடுவதா? எழுதினால் செத்துவிட்டான் என்று ஒத்துக்கொண்டதுபோல் இருக்கும். பெயரைக் கண்ட இடத்தில் அம்மா பேனையைக் கீழே போட்டுவிடுவார். எழுதாவிட்டால், அவன் செத்திருந்தால் அவனுக்குச் செபிக்க ஒருவரும் இல்லையே என்ற பயம் வேறு. பாதரிடம் கேட்டால் அவரும் பாவம், அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

நாங்கள் கண்ட வழியைச் சொல்கிறேன். நவம்பர் 2க்கான துண்டில் அவன் பெயரைப் போடுவதில்லை. அவன் பிறந்தநாளுக்கு ஒரு பூசை கொடுக்கிறோம். கருத்து என்ற இடத்தில் பெயரை மட்டும் எழுதுகிறோம். ஆன்ம இளைப்பாற்றிக்கு என்றும் இல்லை, சுகத்துக்கு என்றும் இல்லை. வெறும் பெயர். பாதரும் அதை அப்படியே வாசிப்பார். அவன் எந்தப் பட்டியலில் இருக்கிறான் என்பது செபத்தைக் கேட்கிற கடவுளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதாமல் கொடுக்கலாம் என்று விளங்கிய பிறகு அம்மா அந்தப் பூசைக்குச் சேலை மாற்றிக்கொண்டு முதல் ஆளாய் வந்துவிடுவார். உங்கள் வீட்டிலும் இந்தச் சண்டை நடக்கிறதென்றால் இப்படிச் செய்து பாருங்கள்.

அப்புறம், மகிழ்ச்சி. சிலர் அதை முகத்தில் ஒட்டிக்கொள்ளும் சிரிப்பு என்று நினைக்கிறார்கள். அதை நான் ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. அபக்கூக்கு இறைவாக்கினரைப் பாருங்கள். அநியாயத்தைக் கண்டும் ஏன் சும்மா இருக்கிறீர் என்று கேட்டவர் அவர். பதிலும் கிடைத்தது: கல்தேயரின், அதாவது பாபிலோனியரின், படை வருகிறது. கேள்வியைவிடப் பதில் மோசம்! அவர் திரும்பவும் கேட்டார். அந்தப் புத்தகத்தின் கடைசியில்தான் அத்தி பூக்காவிட்டாலும், திராட்சை காய்க்காவிட்டாலும் ஆண்டவரில் களிகூருவேன் என்று வருகிறது. ஒலிவமும் திராட்சையும் எங்கள் பக்கத்தில் இல்லை. ஆனால் வயலில் விளைச்சல் இல்லை, பட்டியில் ஆடு இல்லை, தொழுவத்தில் மாடு இல்லை என்ற மற்ற மூன்றையும் மீளக்குடியேறி வந்த சனத்துக்கு விளக்க வேண்டியதில்லை.

இதற்கு எங்கே தொடங்குவது? நெகேமியா 8ஆம் அதிகாரம் சொல்கிறது. சனம் அழுதுகொண்டு நிற்கிறது. போய் நல்லதாய்ச் சாப்பிடுங்கள், ஒன்றும் சமைக்காதவர்களுக்கும் ஒரு பங்கு அனுப்புங்கள் என்கிறார்கள். அதன் பிறகுதான் ஆண்டவரின் மகிழ்வே உங்கள் பலம் என்ற பேச்சு வருகிறது. அதாவது, மனம் சரியாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தட்டை அனுப்புங்கள்.

2018ஆம் ஆண்டு நத்தாருக்குச் சில நாள் முன்பு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்தது. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தார்கள். சனம் பள்ளிக்கூடங்களில் இருந்தது. வயலுக்குள் போனவர்களுக்கு நெல் எங்கே, தண்ணீர் எங்கே என்று தெரியவில்லை. அந்த வருசம் பலகாரம் சுட வேண்டாம் என்று எங்கள் கூட்டத்தில் சிலர் சொன்னார்கள். சுடுவோம், எண்ணெய் கொஞ்சமாய் வாங்குவோம், சுட்டதைச் சுட்ட சூட்டோடு கொடுப்போம் என்று நான் பிடிவாதமாய் நின்றேன். பயற்றம் உருண்டையும் முறுக்கும்தான். பக்கத்துச் சைவ வீடுகளுக்கும் போனது. பொங்கலுக்கு அந்தத் தட்டுகள் வெறுமையாய்த் திரும்பவில்லை. ஒருவரின் கேள்விக்கும் அதில் பதில் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்தக் குசினியில் சிரிப்பு இருந்தது, பொய்ச் சிரிப்பு இல்லை.

நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிற்றில் குரு ரோசா நிற உடுப்புப் போடுவதைக் கவனித்திருப்பீர்கள். ஊதா உடுப்புப் போடும் காலத்தின் நடுவில் மகிழுங்கள் என்று சொல்லும் ஞாயிறு அது. எங்களுக்கு அது மாரிமழை நேரம், காலபோக நெல் வெட்ட இன்னும் காலம் இருக்கும். விளைச்சல் தெரியாத நேரத்தில் அந்த உடுப்பைப் பார்ப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

நம்பிக்கை என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது என்று யாராவது சொன்னால் இரணைதீவுச் சனத்தைக் காட்டுங்கள். 1992இல் தீவை விட்டு வந்து இரணைமாதாநகரில் இருந்தவர்கள். தீவுக்குத் திரும்ப விடும்படி 2017 மே மாதம் போராட்டம் தொடங்கினார்கள். அடுத்த வருசம் ஏப்ரல் 23ஆம் தேதி, அனுமதி வரட்டும் என்று பார்த்துக்கொண்டிராமல் படகுகளில் ஏறித் தங்கள் தீவுக்குப் போய், தங்கள் கோயிலடியில் இருந்தார்கள். என்ன நடக்கும் என்று ஏறும்போது ஒருவருக்கும் தெரியாது. செபமும் சொன்னார்கள், எஞ்சினுக்கு எண்ணெயும் ஊற்றினார்கள்.

ஒரு எச்சரிக்கை. சாப்பாடு இறங்காமல், நித்திரை இல்லாமல், சாக வேண்டும் என்று கதைக்கிறவரிடம் மகிழ்ச்சியைப் பற்றிப் பேச வேண்டாம். வைத்தியசாலையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், வெளியே வாங்கில் கூடவே இருங்கள். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு இல்லை.

பிள்ளைகள் கேட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். காணாமல் போன மாமா எங்கே என்று என் பேத்தி கேட்டாள். தெரியாது என்றேன். கடவுளுக்குத் தெரியுமா என்றாள். தெரியும் என்றேன். அப்போ ஏன் சொல்லவில்லை என்றாள். அதை நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், இன்றைக்கு நீயும் சேர்ந்து கேள் என்றேன். கேட்டாள், கொஞ்சம் அதட்டலாகவே.

கூட்டம் வைப்பதென்றால் மழைக்காலத்தில் பின்நேரமே தொடங்கி இருட்ட முதல் முடித்துவிடுங்கள். காட்டோரமாய் வீடு உள்ளவர்களுக்கு யானைப் பயம் உண்டு. கடைசிப் பாட்டு எல்லாருக்கும் தெரிந்ததாய் இருக்கட்டும். இழுத்துப் பாடாமல் கைதட்டிப் பாடுங்கள்.