உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்காதே என்கிறார்களே, சரியா?

வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் சொல்லும் அறிவுரைதான். ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, உணர்ச்சியைக் கழித்துவிட்டால் நல்ல முடிவு வந்துவிடும் என்று நம்புவதுதான் முதல் தவறு.

அமெரிக்காவின் அயோவாவில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் ஆன்டோனியோ டமாசியோ ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார். அவருக்கு நெற்றிக்குப் பின்னால், மூளையின் முன்பகுதியில் சேதம். புத்திக்கு ஒரு குறையும் இல்லை. பனி உறைந்த சாலையில், முன்னால் போன கார் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்ததைப் பார்த்தும் பதறாமல் ஓட்டி வந்து சேர்ந்தவர். மறுநாள் அவரிடம், அடுத்த முறை வர இரண்டு தேதிகளில் ஒன்றைச் சொல்லச் சொன்னார்கள். டைரியைப் பிரித்தார். அன்றைக்கு வேறு வேலை இருக்குமா, வானிலை எப்படி என்று கிட்டத்தட்ட அரை மணி நேரம் சாதக பாதகம் அடுக்கினார். முடிவு மட்டும் வரவில்லை. கடைசியில் மருத்துவரே ஒரு தேதியைச் சொன்னார். “சரி” என்று டைரியை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார். “அட, இது போதும்ப்பா” என்று நமக்குள் ஒன்று அலுத்துக்கொள்ளுமே, அது அவரிடம் இல்லை.

அடுத்தது, எங்கோ வந்த உணர்ச்சியை வேறெங்கோ இறக்கி வைப்பது. 1983இல் ஷ்வார்ஸ், க்ளோர் என்ற இரு உளவியலாளர்கள் தொலைபேசியில் பலரை அழைத்து, வாழ்க்கை திருப்தியாக இருக்கிறதா என்று கேட்டார்கள். மழை நாளில் திருப்தி குறைவு, வெயில் நாளில் அதிகம். ஆனால் “அங்கே வானிலை எப்படி?” என்று முதலில் கேட்டுவிட்டால் மழையின் பாதிப்பு காணாமல் போனது. காரணம் கண்ணில் பட்டதும் அதன் பிடி தளர்ந்துவிடுகிறது. நானும் ஒரு நாள் ராஜினாமா மின்னஞ்சலைத் தட்டி முடித்த பிறகுதான், காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. இரண்டு இட்லிக்குப் பிறகு அதை அழித்துவிட்டேன்.

கோபத்துக்குப் பயப்படும் நாம் சந்தோஷத்துக்குப் பயப்படுவதில்லை. மகள் பாஸான அன்று மச்சான் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பணத்தை அதிகம் தின்பது நஷ்ட பயம். தலா 100 ரூபாய்க்கு வாங்கிய இரண்டு பங்குகளில் ஒன்று இப்போது 140, மற்றது 60. அவசரத்துக்குப் பணம் வேண்டும். எதை விற்பீர்கள்? பெரும்பாலோர் 140ஐத்தான் விற்பார்கள். 60ஐ விற்றால் தோற்றதாக ஆகிவிடுமே! நிதித்துறை ஆய்வாளர் டெரன்ஸ் ஓடீன் 1998இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்கர்களின் 10,000 பங்கு வர்த்தகக் கணக்குகளை அலசினார். லாபத்தில் விற்றுவிட்ட பங்குகள், நஷ்டத்தில் பிடித்து வைத்திருந்த பங்குகளைவிட அடுத்த ஓராண்டில் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளி கூடுதலாகக் கொடுத்திருந்தன.

இதற்கு நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பங்கு என்னிடம் இல்லை என்றால், இன்று 60 ரூபாய் கொடுத்து வாங்குவேனா? என் மாமாவிடம் இதைக் கேட்டேன். “போட்ட காசு வரட்டும்டா, அன்னைக்கே வித்துடறேன்” என்றார். எட்டு வருடமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.