பயறு வெந்தும் ருசி ஏறவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் இருக்கும் தமிழ் வீடுகளில் இந்தக் குறையை அடிக்கடி கேட்கிறேன். குழம்பு கமகமவென்று இருக்கும், அதில் கிடக்கும் மொச்சையைக் கடித்தால் உள்ளே வெறும் மாவு. மசாலாவைக் கூட்டுவார்கள், தாளிப்பைக் கூட்டுவார்கள், மாவு மாவாகவே இருக்கும். காய்ந்த பயறுக்கு ருசி ஏறுவது ஊறும்போதும் வேகும்போதும்தான். வெந்தபின் ஊற்றும் குழம்பு பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும்.

அதனால் முதலில் விட வேண்டியது, வெறும் தண்ணீரில் ஊற வைக்கும் பழக்கம். உப்புப் போட்டால் பயறு வேகாது என்று நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். நடப்பது நேர்மாறு. பயறின் தோலை இறுக்கிப் பிடித்திருப்பது பெக்டின் என்ற பொருள். அதைக் கட்டி வைத்திருப்பவை கால்சியமும் மக்னீசியமும். உப்பில் உள்ள சோடியம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது தோல் இளகுகிறது, உப்பும் நடுவரை போய்ச் சேர்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம், அதாவது ஒரு மேசைக்கரண்டி உப்பு போதும். காலையில் அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கழுவி, புதுத் தண்ணீரில் வேக வையுங்கள். வயிற்றில் வாயு சேர்க்கும் சர்க்கரைகளில் கொஞ்சமும் அதோடு போய்விடும். குழம்பில் போடும் உப்பை மட்டும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஊறியதா என்று மேலாகப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு மொச்சையை எடுத்துக் கத்தியால் இரண்டாகப் பிளந்து பாருங்கள். ஓரம் ஈரமாக, நடுவில் சுண்ணாம்புப் புள்ளி போல வெளுத்திருந்தால் இன்னும் ஊற வேண்டும். தோல் சுருங்கிக் கிடந்தாலும் அப்படித்தான். தோல் முதலில் தண்ணீர் குடித்து விரியும், பருப்பு மெதுவாக வந்து அந்த இடத்தை நிரப்பும். நிரம்பியதும் சுருக்கம் தானாகப் போய்விடும்.

அடுத்தது தண்ணீர். காவிரித் தண்ணீர் வரும் வீடுகளில் கவலை குறைவு. ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் ரோடு பக்கம் போர்வெல்லையும் டேங்கரையும் நம்பியிருக்கும் அபார்ட்மென்ட்களில், குக்கரின் உட்புறம் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் படிவில் இருப்பதும் கால்சியமும் மக்னீசியமும்தான். தோலை இளக்க வேண்டிய நேரத்தில் அவை இன்னும் இறுக்குகின்றன. ஊற வைக்கவும் வேக வைக்கவும் குடிக்கிற ஆர்ஓ தண்ணீரையே எடுங்கள். இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது, இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னையில் திறந்த பாத்திரத்தில் வெந்த காராமணி இங்கே இழுத்தடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். குக்கர்தான் வழி.

இத்தனையும் செய்து வேகவில்லை என்றால் பயறு பழசு. மல்லேஸ்வரத்திலோ கே.ஆர். மார்க்கெட்டிலோ வாங்கும்போது, "அண்ணா, இது புது வரவா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நிறம் மங்கி, தோல் வெடித்துக் கிடப்பதை எடுக்காதீர்கள். சோடா மாவு போட்டு மசிய வைப்பதை நான் ஏற்கமாட்டேன். சோப்பு வாடை வரும், தயமின் என்ற பி1 சத்தும் அழியும்.

இனி குக்கருக்குள் என்ன போடுகிறோம் என்பது. பலர் பயறும் தண்ணீரும் மட்டும் வைத்து விசில் விடுகிறார்கள், ருசி கோட்டைவிடுவது அங்கேதான். ஒரு கப் கறுப்புக் கொண்டைக்கடலைக்கு ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், தோலோடு நசுக்கிய நாலு பல் பூண்டு, இரண்டு காய்ந்த மிளகாய், ஒரு கொத்து கறிவேப்பிலை, மிளகளவு கட்டிப் பெருங்காயம் போட்டு வேக வைத்துப் பாருங்கள். நைவேத்தியச் சுண்டலுக்கு வெங்காயம், பூண்டு ஆகாது என்றால் தட்டிய இஞ்சியும் பெருங்காயமுமே போதும். பச்சைப்பயறையும் மொச்சையையும் ஊற வைப்பதற்கு முன் வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்தால் ருசியே வேறாகிவிடும்.

புளி, தக்காளி மட்டும் இந்த நேரத்தில் வேண்டாம். பயறை வேகவிடாமல் தடுப்பது புளிப்புதான், பழி மட்டும் உப்பின் மேல். விரலில் நசுக்கினால் வெண்ணெயாக மசிகிற பதம் வந்தபின் புளியை ஊற்றுங்கள். அதற்குமேல் பயறு குழையாமல் அந்தப் புளிப்பே பார்த்துக்கொள்ளும். கத்திரிக்காய் மொச்சைக் குழம்பு அரைமணி கொதித்தாலும் கொட்டை முழுசாக நிற்பது அதனால்தான்.

வெந்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டுவதுதான் எனக்கு மனம் பொறுக்காத தவறு. நாம் குக்கரில் போட்ட அத்தனை வாசமும் அதில் இருக்கிறது. கன்னட வீடுகளில் பஸ்ஸாறு என்று வைப்பார்கள். வேக வைத்த பயறையும் கீரையையும் வடிகட்டி, அதில் ஒரு கரண்டிப் பயறை எடுத்துத் தேங்காய், வெங்காயம், பூண்டு, மிளகாயோடு அரைத்து, வடித்த தண்ணீரில் கரைத்துக் கொதிக்க விட்டால் அது சாறு. மீதிப் பயறும் கீரையும் தாளித்தால் பொரியல். களிக்கு அதைவிடப் பொருத்தமான துணை இல்லை. நம் கொங்கு நாட்டுக் கொள்ளு ரசமும் இதே வழிதான். இந்த ஊரில் இருந்துகொண்டு இதைக் கற்றுக்கொள்ளாமல் இருக்கக் கூடாது.

ராஜ்மாவுக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. அரைவேக்காட்டுச் சிவப்பு ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்ற நச்சுப் புரதம் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும். ஊற வைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் நன்றாக வேக வையுங்கள். மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வைக்கும் மின்சாரப் பாத்திரத்தில் நேராகப் போடவே கூடாது.

விசிலைத் தூக்கி ஆவியை வெளியேற்றினால் தோல் வெடித்துப் பருப்பு கரைந்துவிடும். தானாக அடங்கட்டும், திறந்தபின்னும் அரைமணி நேரம் அந்தத் தண்ணீரிலேயே கிடக்கட்டும், ஆறும்போது உப்பு இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும். குழம்பு நீர்த்திருந்தால் மாவு கரைத்து ஊற்றாமல், ஒரு கரண்டிப் பயறை மசித்துச் சேருங்கள். மீந்ததை வடிக்காமல் அப்படியே ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் சூடாக்கும்போது குழம்பில் உப்புக் குறைந்தது போலத் தெரியும். கை உடனே உப்புப் போடப் போகும். ஒரு மொச்சையைக் கடித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.